களப்பைக் காணவரும் மாணவர்கள் கற்றுச் செல்வது என்ன?

உலக சுற்றாடல் தினமான ஜூன் 5ஆம் திகதியும், கண்டற் சூழற்றொகுதியின் பாதுகாப்புக்கென யுனெஸ்கோ 2015இல் பிரகடனப்படுத்திய ஜூலை 26ஆம் திகதியும் நெருங்கும்போது நமது கரையோரங்களில் வழமையான காட்சியொன்றைக் காணலாம். பாடசாலை மாணவர்களும் இளைஞர் கழகத்தினரும் பஸ் வண்டிகளில் வந்திறங்குவர். பிரமுகர் ஒருவர் உரையாற்றுவார். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு கண்டல் நாற்று கொடுக்கப்படும். அது சேற்றில் ஊன்றப்பட்டதும் புகைப்படம் எடுக்கப்படும். மதிய உணவுடன் நிகழ்வு நிறைவுறும். எத்தனை நாற்றுகள் நடப்பட்டன என்பது மறுநாள் செய்தியாகும். அவற்றுள் எத்தனை அடுத்த ஆண்டுவரை உயிரோடு இருந்தன என்பது மட்டும் செய்தியாவதில்லை.

நாற்று நடும் பிள்ளையின் ஆர்வத்தையோ, அதனை ஒழுங்குசெய்யும் ஆசிரியரின் நல்லெண்ணத்தையோ குறைகூறுவதற்காக இதனைக் குறிப்பிடவில்லை. பரீட்சையை மையமாகக் கொண்ட நமது கல்விமுறையில், வகுப்பறைச் சுவர்களுக்கு வெளியே பிள்ளைகளை அழைத்துச் செல்லும் எந்தவொரு முயற்சியும் வரவேற்கத்தக்கதே. எனினும் அம்முயற்சியின் முழுப்பயனும் பிள்ளைக்கும் களப்புக்கும் கிடைக்கின்றதா என்ற வினாவை எழுப்பவேண்டிய காலம் வந்துள்ளது. அவ்வினாவை எழுப்புவதற்குப் புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தை விடப் பொருத்தமான இடம் இந்நாட்டில் இல்லை எனலாம்.

சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரையிலான இக்கரையோரம் ஒரு திறந்தவெளிப் பாடநூலாகும். சிலாபம் களப்பின் அருகே பம்பல என்னுமிடத்தில், உலகின் முதலாவது கண்டல் அருங்காட்சியகம் என்ற அறிவிப்புடன் 2016 ஜூலை 26இல் ஓர் அருங்காட்சியகம் திறந்து வைக்கப்பட்டது. சிறு மீனவர்களின் அமைப்பான சுதீசவும், அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட சீகொலொஜி நிறுவனமும் அரசாங்கத்துடன் இணைந்து 2015இல் தொடங்கிய தேசியக் கண்டல் பாதுகாப்புத் திட்டத்தின் ஓர் அங்கமாகவே இது உருவாயிற்று. சுமார் 8,815 ஹெக்டேயர் கண்டற் காடுகளைப் பாதுகாப்பதும், களப்புகளை அண்டிய கிராமங்களில் 15,000 பெண்களுக்குச் சுயதொழிற் பயிற்சியும் சிறுகடனும் வழங்கி அவர்களையே காவலர்களாக்குவதும் அத்திட்டத்தின் இலக்குகளாக அறிவிக்கப்பட்டன. பாடசாலை மாணவருக்குக் கண்டலை அறிமுகப்படுத்துவது அருங்காட்சியகத்தின் முக்கிய நோக்கமாக இருந்தது.

அங்கிருந்து வடக்கே சற்றுத் தொலைவில் ஆனவிழுந்தாவ சரணாலயம் அமைந்துள்ளது. பண்டைய குளத்தொடர் ஒன்றும் கடலோரக் கண்டல்களும் அருகருகே அமைந்த இவ்விடம், பூந்தலைக்கு அடுத்ததாக 2001இல் இலங்கையின் இரண்டாவது ராம்சார் ஈரநிலமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. இன்னும் வடக்கே சென்றால் முந்தல், புத்தளம் களப்புகளும், கலா ஓயா கடலோடு கலக்குமிடத்தில் நாட்டின் மிகப் பரந்த கண்டற் காடுகளுள் ஒன்றும் உள்ளன. கற்பிட்டிக்கு அப்பால் கடலினுள் 1992இல் பாதுகாப்புப் பிரதேசமாக்கப்பட்ட பார் ரீஃப் முருகைக்கற்பாறைத் தொகுதி விரிந்து கிடக்கின்றது. கடல் வெப்பமடைந்ததால் 1998இலும் 2016இலும் அது நிறமிழந்து பெரும் சேதமுற்றது. நன்னீர்க் குளம், உவர்நீர்க் களப்பு, கண்டல், கடற்புல், முருகைக்கல் ஆகிய அனைத்தையும் ஒரே மாவட்டத்துக்குள் காணும் வாய்ப்பு எல்லா மாணவருக்கும் கிட்டுவதன்று.

இத்தகைய இடத்துக்கு வரும் மாணவனிடம் ஒரு நாற்றைக் கொடுத்து நடச்சொல்வதில் என்ன தவறு என்று கேட்கலாம். இதற்கான பதிலை நமது நாட்டிலேயே மேற்கொள்ளப்பட்ட ஓர் ஆய்வு தருகின்றது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் கண்டலின் காக்கும் ஆற்றல் பற்றிய விழிப்புணர்வு பெருகியது. உதவி நிறுவனங்களும் அரச திணைக்களங்களும் தொண்டர்களும் போட்டி போட்டுக்கொண்டு நாற்றுகளை நட்டனர். ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் இணைந்து அவ்வாறு நடப்பட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் தமது முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையிலான நிலத்தில் நடுகை மேற்கொள்ளப்பட்டபோதும், வெற்றி கண்டது 200 முதல் 220 ஹெக்டேயர் வரையிலான பரப்பு மாத்திரமே. 9 இடங்களில் ஒரு நாற்றேனும் உயிர்பிழைக்கவில்லை. நடப்பட்டவற்றில் பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றுதான். அவை கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு என்பனவாகும்.

அம்மூன்றில் இரண்டு புத்தளம் மாவட்டத்தில் உள்ளன என்பது கவனத்திற்குரியது. அதிக நாற்றுகளை நட்ட இடங்கள் வென்றன என்று ஆய்வு கூறவில்லை. நட்டபின் பராமரிப்புத் தொடர்ந்த இடங்களிலேயே கன்றுகள் தப்பின என்பதே அதன் சாரமாகும். எனவே, ஒரு நாள் வந்து நட்டுவிட்டுச் செல்லும் களப்பயணமானது, ஆழிப்பேரலைக்குப் பிந்திய ஆண்டுகளில் பெரியவர்கள் இழைத்த தவறைச் சிறியவர்களின் கைகளால் மீண்டும் செய்விப்பதாகவே அமையும்.

நாற்றுகள் ஏன் மடிகின்றன என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. நமது கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவானது. ஆகையால் நிலமட்டம் சில அங்குலங்கள் தாழ்ந்தாலும் நாற்று எந்நேரமும் நீரில் மூழ்கி மூச்சுத் திணறும். சில அங்குலங்கள் உயர்ந்தாலும் உப்பும் வெயிலும் அதனைக் கருக்கிவிடும். வெண்கண்டலின் வேர்கள் சேற்றுக்கு மேலே எழுந்து காற்றை உள்ளிழுப்பதும், கண்டல் தன் தாங்கு வேர்களை நாற்புறமும் ஊன்றி நிற்பதும், தில்லை மரம் கரையின் மேட்டுப் பகுதியை நாடுவதும் காரணமின்றி நிகழ்வனவல்ல. ஒவ்வோர் இனமும் தனக்கேற்ற நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் தெரிந்து வாழ்கின்றது. இந்நாட்டில் சுமார் 20 கண்டல் இனங்கள் இருந்தும், நடுகை நிகழ்வுகளில் பெரும்பாலும் ஒரே இனத்து நாற்றுகளே கொடுக்கப்படுகின்றன. தாய்மரத்திலேயே முளைத்து நீண்டு தொங்கும் அதன் முளைகள் சேகரிக்க இலகுவானவை, ஊன்றவும் இலகுவானவை என்பதே அதற்குக் காரணமாகும். இடத்துக்கு எது பொருந்தும் என்பதன்றி, கைக்கு எது வசதியானது என்பதே தெரிவைத் தீர்மானிக்கின்றது.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இதே பாடம் கற்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் பிச்சாவரம், முத்துப்பேட்டை ஆகிய இடங்களில் சீரழிந்த அலையாத்திக் காடுகளை மீட்க முனைந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும், 1990களில் முதலில் செய்த வேலை நாற்று நடுவதன்று. நிலம் தாழ்ந்து நீர் தேங்கி உப்பு மிகுந்திருந்ததைக் கண்டறிந்து, மீன் முள்ளின் வடிவில் கால்வாய்களை வெட்டி வற்றுப்பெருக்கு நீரை உள்ளே வரவிட்டனர். அதன் பின்னரே நடுகை பயனளித்தது. ஆனவிழுந்தாவவில் கைவிடப்பட்ட இறால் பண்ணை நிலங்களில் வயம்ப பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையுடன் அண்மைய ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்டுவரும் மீட்பு முயற்சியும் இயற்கை தானே மீள்வதற்கு வழிவிடுவதையே அடிப்படையாகக் கொண்டதாகும். இலங்கையின் கண்டல் மீளுருவாக்க முயற்சியை உலகின் சிறந்த சூழல் மீட்பு முயற்சிகள் ஏழினுள் ஒன்றாக ஐக்கிய நாடுகள் சபை 2024 பெப்ரவரியில் அறிவித்தமைக்கு, நாடு அறிவியல்வழி அணுகுமுறைக்குத் திரும்பியமை முக்கிய காரணமாயிற்று. 2030க்குள் 10,000 ஹெக்டேயரை மீட்பது அம்முயற்சியின் இலக்காகும். நாடு கைவிட்டுவரும் ஒரு முறையை நமது மாணவர்களுக்கு மட்டும் கற்பித்துக்கொண்டிருப்பது பொருத்தமன்று.

அவ்வாறாயின் களப்பயணத்தில் மாணவர்கள் செய்யவேண்டியது யாது? அவர்கள் அளக்கவேண்டும், எண்ணவேண்டும், மீண்டும் வரவேண்டும். ஒரு பாடசாலைக்குப் பத்து மீற்றர் நீளமும் பத்து மீற்றர் அகலமும் கொண்ட ஒரு துண்டு நிலம் போதுமானது. அதிலுள்ள கன்றுகள் எத்தனை, அவை எவ்வினத்தவை, எவ்வளவு உயரம், நீரின் உவர்த்தன்மை என்ன, சேற்றில் எத்தனை நண்டு வளைகள் உள்ளன, கால்நடைகள் மேய்ந்த தடயங்கள் உண்டா என்பவற்றை ஒவ்வொரு தவணையிலும் பதியலாம். அடுத்த ஆண்டு அதே வகுப்புக்கு வரும் மாணவர்கள் முந்தியவர்களின் கொப்பியைக் கையிலெடுத்துக்கொண்டு அதே இடத்துக்குச் செல்வர். ஐந்து ஆண்டுகளில் அப்பாடசாலையிடம் இருப்பது ஒரு புகைப்படத் தொகுப்பு அன்று; எந்தத் திணைக்களமும் மதிக்கத்தக்க ஓர் ஆவணம். சேர்ந்து குறைந்த எண்ணிக்கையைச் சதவீதமாக்குவதில் கணிதமும், நீரைச் சோதிப்பதில் விஞ்ஞானமும், வரைபடம் கீறுவதில் புவியியலும், அறிக்கை எழுதுவதில் தாய்மொழியும் ஒரே களத்தில் பயிலப்படுகின்றன. பாடத்திட்டத்தை முடிக்க நேரமில்லை என்ற ஆசிரியர்களின் நியாயமான கவலைக்கும் இதில் ஓரளவு விடை உண்டு.

தன் கையால் ஒரு மரத்தை நட்ட பிள்ளைக்கே அதன்மீது பற்று உண்டாகும் என்று வாதிடுவோர் உளர். அவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் நட்ட மரத்தை மீண்டும் ஒருபோதும் காணாத பிள்ளைக்கு எப்பற்றும் வளராது. தான் நட்டது மூன்று மாதத்தில் மடிந்துவிட்டது என்பதைக் கண்டு, ஏன் மடிந்தது என்று ஆராயும் பிள்ளையே அடுத்தமுறை சரியான இடத்தைத் தெரிவுசெய்யும். நடுகை முற்றாக நிறுத்தப்படவேண்டும் என்பதன்று. அது கற்றலின் இறுதிப் படியாக இருக்கவேண்டுமேயன்றி முதற்படியாகவும் முடிவாகவும் இருக்கலாகாது.

களப்பயணம் நேர்மையானதாகவும் இருக்கவேண்டும். இக்கரையோரத்தில் கண்டல்கள் அழிந்ததற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று இறால் வளர்ப்பு என்பதை மறைக்கமுடியாது. 1980களில் சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் வேகமாகப் பரவிய இத்தொழில், பலருக்கு வருமானத்தையும் நாட்டுக்கு அந்நியச் செலாவணியையும் ஈட்டித்தந்தது. கண்டல்களையும் உவர்ச் சதுப்புகளையும் வெட்டிக் குளங்களாக்கியோர், ஒல்லாந்தர் கால்வாயாலும் களப்புகளாலும் இணைக்கப்பட்ட ஒரே நீரையே பகிர்ந்துகொண்டனர். ஒரு பண்ணை வெளியேற்றிய நீர் மற்றொரு பண்ணையின் உள்நீராயிற்று. 1996இல் வெண்புள்ளி நோய் தாக்கியபோது அது பண்ணைக்குப் பண்ணை பரவியது. கடனாளியானோர் பலர். கைவிடப்பட்ட குளங்களின் அணைகள் வற்றுப்பெருக்கைத் தடுத்து நிற்பதால் கண்டல்கள் தாமாகத் திரும்பி வரவும் வழியில்லாது போயிற்று. அதன் பின்னரும் ஆசை ஓயவில்லை. 2020இல் ஆனவிழுந்தாவ ஈரநிலத்தின் ஒரு பகுதியே இறால் பண்ணைக்காக இயந்திரங்களால் துப்புரவாக்கப்பட்டமை நாடெங்கும் கண்டனத்துக்குள்ளானது.

ஆயினும் இதனைச் சொல்லும் விதத்தில் அவதானம் தேவை. களப்பயணத்துக்கு வந்திருக்கும் பிள்ளையின் தந்தை இறால் பண்ணையிலேயே வேலை செய்யக்கூடும். அவரைக் குற்றவாளியாக்கும் பாடம் பிள்ளையின் மனதில் ஏறாது. கண்டலை வெட்டியதால் இறாலுக்கும் கேடு வந்தது என்பதும், களப்பில் இயற்கையாக வளரும் இறாலுக்கும் மீன்களுக்கும் கண்டல் வேர்களே தொட்டில் என்பதும் தொழிலின் மொழியிலேயே விளக்கப்படவேண்டும். ஹொங்கொங்கின் மாய் போ ஈரநிலம் இதற்கு நல்ல உதாரணமாகும். வற்றுப்பெருக்கு நீரை உள்வாங்கிக் கண்டல்களின் நடுவே இறால் வளர்த்த பழைய குளங்களையே அங்கு பாதுகாத்து, 1980களிலிருந்து பாடசாலை மாணவர்களுக்குக் காட்டி விளக்கி வருகின்றனர். தொழிலும் இயற்கையும் சேர்ந்து வாழ்ந்த ஒரு முறை அம்மாணவர்களின் கண்முன்னே நிற்கின்றது.

இனி, இக்களப்பயணங்கள் யாருக்கானவை என்ற வினா எழுகின்றது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி புத்தளம் மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 7 இலட்சத்து 62 ஆயிரமாகும். இவர்களுள் ஏறத்தாழ நான்கிலொரு பங்கினர் முஸ்லிம்களும் தமிழர்களுமாவர். கற்பிட்டி, புத்தளம், முந்தல், உடப்பு ஆகிய பகுதிகளில் தமிழ்மொழிமூலம் கற்கும் பிள்ளைகளுள் பலர் களப்பின் அல்லது கடலின் அருகிலேயே வாழ்கின்றனர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்து இங்கு குடியேறிய முஸ்லிம் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு இப்போது இதுவே பிறந்த மண். அவர்கள் பலர் வாழும் தில்லையடி என்ற ஊர்ப்பெயரில் ஒரு கண்டல் மரத்தின் பெயர் ஒலிக்கின்றது. அம்மரத்தைக் காட்டி, அதன் பால் கண்ணில் படலாகாது என்பதையும், அதன் வேர் கரையைப் பிடித்து நிற்பதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது யார்?

தலைநகரிலிருந்து வரும் மாணவர்கள் கண்டலைக் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுவர். ஆனால் பத்து ஆண்டுகளின் பின்னர் இந்தக் களப்பில் வலை வீசப்போவதும், ஒரு துண்டு நிலத்தைப் பண்ணைக்கு விற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கப்போவதும், பிரதேச சபையில் அமர்ந்து அனுமதிகளைப் பற்றிப் பேசப்போவதும் இங்கு வாழும் பிள்ளைகளேயாவர். ஆகவே அவர்களே இக்களத்தின் முதல் மாணவர்களாக இருக்கவேண்டும். அவர்களுக்கான விளக்கப் பலகைகளும் பயிற்சிக் கையேடுகளும் வழிகாட்டிகளும் சிங்களத்தில் உள்ள அதே தரத்தில் தமிழிலும் இருப்பது ஒரு சலுகையன்று. அரசகரும மொழிக் கொள்கையின்படியும் கல்வியின் அடிப்படையிலும் அது உரிமையாகும். க.பொ.த. உயர்தரத்தை நிறைவுசெய்து வேலைக்காகக் காத்திருக்கும் உள்ளூர் இளைஞர் யுவதிகளைப் பயிற்றுவித்து, கொடுப்பனவுடன் வழிகாட்டிகளாக நியமித்தால் இக்குறை பெருமளவில் நீங்கும். வாடைக்கும் சோழகத்துக்கும் களப்பின் நீர் எவ்வாறு மாறுமென்று அறிந்த முதிய மீனவர் ஒருவரின் அரைமணி நேரப் பேச்சு, அச்சிட்ட கையேட்டுக்கு நிகரான பெறுமதியுடையது. சிங்களமொழிமூலப் பாடசாலையும் தமிழ்மொழிமூலப் பாடசாலையும் அருகருகே இரு துண்டு நிலங்களைப் பராமரித்துத் தமது எண்ணிக்கைகளை ஒப்பிடுமாயின், மேடைகளில் பேசப்படும் நல்லிணக்கத்துக்கு அதுவே நடைமுறை வடிவமாகும்.

செலவு பற்றிய கேள்வியையும் தட்டிக்கழிக்க முடியாது. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டினால் பாடசாலைகளே மூடப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. அந்நெருக்கடியின் பின்னர் பஸ் வாடகையும் உணவுச் செலவும் பல பெற்றோரின் சக்திக்கு அப்பாற்பட்டனவாகின. பணம் செலுத்த முடியாத பிள்ளை, சுகவீனம் என்று சொல்லி வீட்டில் தங்கிவிடும் நிலை எந்தப் பாடசாலைக்கும் பெருமை தருவதன்று. நூறு கிலோமீற்றர் பயணிக்கும் ஒரு பெரிய சுற்றுலாவுக்குச் செலவாகும் பணத்தில், அருகிலுள்ள பாடசாலை ஒன்று ஆண்டுக்கு மூன்று தடவைகள் களப்புக்குச் சென்றுவர முடியும். சேறும் நீரும் உள்ள இடங்களாதலால் படகில் ஏறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உயிர்காப்பு அங்கி, வற்றுப்பெருக்கு நேரம் பற்றிய முன்னறிவு, முதலுதவி அறிந்த ஆசிரியர், மாணவிகளுக்கான மலசலகூட வசதி என்பன கட்டாய நிபந்தனைகளாக்கப்படவேண்டும். இவற்றுள் கடைசியாகக் கூறப்பட்டது அற்ப விடயம்போல் தோன்றலாம். ஆயினும் அது இல்லாமையே பல மாணவிகளைக் களப்பயணத்தில் பங்கேற்காமல் தடுத்துவிடுகின்றது.

இவை அனைத்துக்கும் புதிய நிறுவனமொன்று தேவையில்லை. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் முன்னோடி வேலைத்திட்டம் பாடசாலைகளில் ஏற்கெனவே உள்ளது. 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க நியதிச் சட்டத்தின் மூலம் தனக்கெனச் சுற்றாடல் அதிகார சபையை உருவாக்கிக்கொண்ட மாகாணம் வடமேல் மாகாணம் ஆகும். நாரா நிறுவனத்தின் பிராந்திய ஆய்வு நிலையம் கற்பிட்டியில் இயங்குகின்றது. வனப்பாதுகாப்புத் திணைக்களமும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும் நிலத்தைக் காக்கும் பொறுப்பில் உள்ளன. புத்தளம், சிலாபம் வலயக் கல்விப் பணிமனைகள் இவற்றை ஒரே மேசைக்கு அழைத்து, எந்தப் பாடசாலைக்கு எந்த நிலத்துண்டு, ஆண்டில் எத்தனை வருகை, பதிவேட்டை யார் பார்ப்பது என்பவற்றைத் தீர்மானித்தால் போதுமானது. முன்னோடிப் பதக்கங்களும் நட்ட நாற்றுகளின் எண்ணிக்கைக்கு அல்லாமல், மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பேணப்பட்ட பதிவேட்டுக்கு வழங்கப்படவேண்டும். ஆண்டு முடிவில் அப்பதிவேடுகள் பிரதேச செயலகத்தின் சுற்றாடல் குழுவின் முன் மாணவர்களாலேயே சமர்ப்பிக்கப்படுமாயின், அதிகாரிகளும் கேள்விக்கு முகங்கொடுக்கும் நிலை உருவாகும்.

புத்தளம் கரையோரம் அடுத்து வரும் ஆண்டுகளில் பல நெருக்குதல்களைச் சந்திக்கவுள்ளது. நுரைச்சோலை அனல்மின் நிலையம், கற்பிட்டியின் சுற்றுலா விரிவாக்கம், புதிய இறால் இனங்களின் வருகை, கடல்மட்ட உயர்வு என்பன அனைத்தும் இதே குறுகிய நிலப்பரப்பின்மீது வந்து விழுகின்றன. இவை ஒவ்வொன்றைப் பற்றியும் கருத்துக் கூறவேண்டிய தலைமுறை இன்று ஆறாம், ஏழாம் தரங்களில் அமர்ந்திருக்கின்றது. சட்டங்களும் பிரகடனங்களும் போதியளவு உள்ளன. களப்பின் நீர் சென்ற ஆண்டு எவ்வாறு இருந்தது, இவ்வாண்டு எவ்வாறு மாறியது என்று தன் கையெழுத்தில் பதிந்து வைத்திருக்கும் மனிதர்களே போதாது. அவர்களை உருவாக்குவதே களப்பயணத்தின் நோக்கமாக இருக்கவேண்டும். அடுத்த ஜூலை 26இல் எத்தனை நாற்றுகள் நடப்பட்டன என்று கேட்பதற்கு முன்னர், சென்ற ஜூலையில் நடப்பட்டவற்றில் எத்தனை எஞ்சியுள்ளன என்று கல்வி அதிகாரிகள் கேட்கத் தொடங்கட்டும்.